தங்கம் மேலே, வெள்ளி கீழே

ஜூலை 9, புதன்

காலையில் பல் விளக்கியதும் முதல் வேலையாகக் காரின் முன்கதவு இரண்டிலும் உள்பக்கத்து அட்டையைக் கழற்றிப் போட்டேன். திருகுகளை ஒரு டபராவில் போட்டு, டபராவை அரிசி டிரம்முக்குள் புதைத்து வைத்தேன். வண்டி வாங்க வந்த கவுந்தப்பாடிக்காரர் ஒயரும் கம்பியுமாகத் தொங்கிய கதவைப் பார்த்துவிட்டு, "ஏனுங்க, அடிபட்ட வண்டிங்களா?" என்று கேட்டார். என் வீட்டுக்காரர் முகம் போன போக்கைப் பார்த்திருக்க வேண்டும்!

இது என் வண்டி. துளசி டிரைவிங் ஸ்கூல், பெண்களுக்கு மட்டும். கோபியில் இன்றைக்குக் கார் ஓட்டும் பெண்களில் பாதிப் பேர் என் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து பழகியவர்கள். "கிளட்ச்ச மிதி கண்ணு!" என்று நான் ஒரு சத்தம் போட்டால் கச்சேரி மேட்டில் நிற்கிற ஆட்டோக்காரரும் கிளட்ச்சை மிதிப்பார். மாசியில் தொண்டையில் கட்டி என்றார்கள். பங்குனியில் கோயம்புத்தூரில் ஆபரேஷன். கட்டியோடு குரல்வளையையும் எடுத்துவிட்டார்கள். இப்போது கழுத்தில் ஒரு ஓட்டை, அதன் வழியாகத்தான் மூச்சு. பேச்சு போயிற்று. எதுவானாலும் சிலேட்டில் எழுதிக் காட்டுகிறேன். மிச்சத்தை இந்த டைரியில் கொட்டுகிறேன். எனக்கு மிச்சம் ஜாஸ்தி.

டாக்டர் வண்டி ஓட்டலாம் என்று சொல்லிவிட்டார். வீட்டுக்காரர் சென்னியப்பன் மட்டும் வண்டியை விற்பது என்று முடிவு செய்துவிட்டார். பஸ் ஸ்டாண்டு எதிரில் விதைக்கடை வைத்திருக்கிறவருக்கு என் ஸ்கூலை மூட யார் அதிகாரம் கொடுத்தது? கேட்டால், "பேச முடியாம எப்படிச் சொல்லித் தருவ? பேசாம ரெஸ்ட் எடு" என்கிறார். பேசாமல்தானே இருக்கிறேன், சாமி!

ஆடி பிறந்துவிட்டால் யாரும் வண்டி வாங்க மாட்டார்கள். அதனால் அதற்குள் தள்ளிவிட அவசரம். கவுந்தப்பாடிக்காரர் போனதும், "எதுக்குக் கதவப் பிரிச்ச?" என்று வீட்டுக்காரர் குதித்தார். சிலேட்டில் எழுதினேன்: பாட்டு செட் போடறேன். கை எழுதி முடிக்கும்வரை எனக்கே தெரியாது. எழுதியாயிற்று, இனி போட்டுத்தான் ஆக வேண்டும்.

ஜூலை 11, வெள்ளி

நங்கையாவைப் பற்றி எழுதாவிட்டால் இந்த டைரிக்கே அர்த்தமில்லை. வேலாத்தாள், என் வீட்டுக்காரரின் அக்கா. எங்கள் பக்கம் நாத்தனாரை நங்கையா என்போம். ஆபரேஷனுக்குத் துணையாக வந்தவர் இன்னும் ஊருக்குப் போகிற வழியைக் காணோம். எனக்குச் சத்தம் போனதும் வீட்டில் காலியான இடம் முழுவதையும் அவர் எடுத்துக்கொண்டார். காலையில் பால்காரரிடம் ஆரம்பித்தால் படுக்கும்வரை ஓயாது.

கார் ஷெட்டில் நான் கதவைக் குடைந்துகொண்டிருந்தேன். இடுப்பில் கை வைத்து நின்று பார்த்தார்.

"பொம்பள செய்யற வேலையா அம்மிணி இது? செரி, இந்தக் கம்பி எதுக்கு?"

கண்ணாடி ஏறி இறங்கும் கம்பி என்று எழுதிக் காட்டினேன்.

"அப்ப இது?"

பதில் எழுதி எழுதிச் சாக்பீஸ் தீர்ந்தது. கேள்வி தீரவில்லை.

ஜூலை 13, ஞாயிறு

பஸ் பிடித்து ஈரோடு போனேன், கார் செட் விற்கும் கடைக்கு. சிலேட்டை எடுத்ததும் கடைக்காரர் எனக்குக் காது கேட்காது என்று நினைத்துக்கொண்டு கத்த ஆரம்பித்தார். "சாரை வரச் சொல்லுங்க மேடம்! அவருக்கு எடுத்துச் சொன்னாப் புரியும்!"

எழுதினேன்: சார் வெண்டை விதை அளந்துகொண்டிருக்கிறார். எனக்குச் சொல்லுங்கள். காது நன்றாகக் கேட்கும்.

அவர் டிக்கியில் வைக்கும் பெரிய வூஃபரைக் காட்டி, போட்டால் தெருவே அதிரும் என்றார். வேண்டாம் என்று தலையாட்டினேன். முன்கதவுக்கு இரண்டு ஸ்பீக்கர், சத்தத்தைப் பெருக்க ஒரு ஆம்ப், அதுவும் போனிலிருந்து சத்தத்தைப் பட்டை பட்டையாக ஏற்றி இறக்குகிற மாதிரி ஆம்ப். கதவுத் தகரம் அதிராமல் இருக்க ஒட்டும் ஷீட். அப்புறம் பட்டிமன்றத்தில் பேசுகிறவர்கள் காதில் மாட்டி வாயோரம் விட்டுக்கொள்வார்களே, அந்த மைக்.

"பாட்டு கேக்கற செட்டுக்கு மைக் எதுக்குங்க?"

சும்மா, என்று எழுதினேன்.

ஜூலை 15, செவ்வாய்

நங்கையா பீரோவைக் குடைந்து, புடவைகளுக்கு அடியிலிருந்து அந்தக் கருவியை எடுத்து வந்துவிட்டார். ஆஸ்பத்திரியில் கொடுத்தது. ஷேவிங் மிஷின் அளவுதான் இருக்கும். தாடைக்குக் கீழே அழுத்திப் பொத்தானை அமுக்கி வாயை அசைத்தால் பேச்சு வரும். பேச்சு என்ன பேச்சு, மிக்ஸியில் போட்டு அரைத்த பேச்சு. அங்கே ஒரு பெண் எனக்கு அதைப் பழக்கி, ரொம்பச் சீக்கிரம் பிடித்துக்கொண்டீர்கள் என்று பாராட்டி அனுப்பினாள்.

"இத்தன நல்ல சாமான வெச்சுக்கிட்டு ஏன் அம்மிணி சிலேட்டத் தூக்கிட்டுத் திரியற?"

பேட்டரி சரியில்லை என்று எழுதினேன்.

சார்ஜில் போட்டார். பச்சை விளக்கு எரிந்தது. "நல்லாத்தான எரியுது?"

கழுத்துத் துணியைத் துவைக்க வேண்டும் என்று கொல்லைப்புறம் போய்விட்டேன்.

வீட்டுக்கு வந்த புதிதில் ஒரே ஒரு தடவை பேசிப் பார்த்தேன். வீட்டுக்காரர் காபி குடித்துக்கொண்டிருந்தார். பின்னால் நின்று, "சக்கரை போதுமா?" என்றேன். டம்ளரை வைத்துவிட்டு எழுந்து, மோட்டார் ஓடுகிறதா என்று சுவிட்சைப் பார்க்கப் போனார். அவ்வளவுதான் நடந்தது. பேட்டரி சரியில்லாததால்தான் அதை எடுத்து வைத்தேன்.

ஜூலை 17, வியாழன்

ஆடி பிறந்தது. இனி எவன் வந்து வண்டி வாங்குகிறான் பார்க்கிறேன்!

ஜூலை 20, ஞாயிறு

கதவுத் தகரத்தில் ஷீட் ஒட்டினேன். ரப்பர் மாதிரி கனமானது, வெயிலில் காய வைத்தால் இளகும். சப்பாத்திக் கட்டையால் உருட்டி உருட்டி அழுத்தினால் தகரத்தோடு ஒட்டிக்கொள்ளும். இப்போது கதவைத் தட்டினால் டொய்ங் என்காமல் டொப் என்கிறது. பழைய அம்பாசடர் மாதிரி கனமாகச் சாத்துகிறது.

ஸ்பீக்கர் உட்கார மரப்பலகையில் வளையம் அறுக்க வேண்டும். ரம்பத்தை எடுத்ததும் நங்கையா பாய்ந்து வந்தார். "கழுத்து ஓட்டைக்குள்ள தூள் போச்சுன்னா என்ன ஆவ? உன்ற புருசனுக்கு நான் என்ன பதில் சொல்றது? குடு இங்க!" ரம்பத்தைப் பிடுங்கி, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, அவரே அறுத்தார். பூசணிக்காய் அறுக்கிற கை. வளையம் என்னமாய் வந்தது தெரியுமா! இரண்டு வளையத்தையும் கையில் வளையல் மாதிரி மாட்டிக் காட்டினார். சப்பாத்திக் கட்டை கறுத்துப்போனதற்கு மட்டும் சாயங்காலம்வரை திட்டினார்.

ஜூலை 22, செவ்வாய்

ஹசீனா வந்தாள். எனக்கு உடம்புக்கு வருமுன் பாதியில் நின்ற மாணவி. பிரியாணி ஆர்டர் எடுத்துச் செய்கிறவள், பழைய ஆம்னி வேன் ஒன்று வாங்கி வீட்டு வாசலில் நிறுத்தியிருக்கிறாள். அண்டாவை ஏற்றித் தானே ஓட்டிப் போக வேண்டும் என்பது ஆசை. இப்போது ஒவ்வொரு ஆர்டருக்கும் டிரைவரைக் கெஞ்சிக்கொண்டிருக்கிறாளாம்.

"வேற ஸ்கூலுக்குப் போனேன்க்கா. அந்த ஆளு, பொம்பளைக்கு எதுக்கு ஹைவேன்னு சொல்லி, மைதானத்துலயே சுத்த விடறாரு. நான் உங்ககிட்டதான் பழகுவேன்."

பேச்சு இல்லையே என்று எழுதினேன்.

"நீங்க பக்கத்துல உக்காந்தாப் போதும்க்கா."

போதாது. எனக்குத் தெரியும். என் காலடியில் ஒரு பிரேக், ஒரு கிளட்ச் இருக்கிறது, வலது கையால் ஸ்டியரிங்கை எட்டிப் பிடிப்பேன். அதெல்லாம் வண்டியைத்தான் நிறுத்தும். எதிரே லாரி வரும்போது பயந்துபோன பெண்ணை நிதானப்படுத்துவது என் சத்தம்தான். சிலேட்டை நீட்டினால் அவள் ரோட்டைப் பார்ப்பாளா, சிலேட்டைப் பார்ப்பாளா?

கருவியைப் பிடிக்க இடது கை இருக்கிறது. ஆனால் அந்த முனகல் இஞ்சின் சத்தத்தில் பக்கத்து சீட்டுக்கே கேட்காது.

சரி, எழுதிவிட்டேன். மைக் அதற்குத்தான். இந்த டைரியை யார் படிக்கப் போகிறார்கள்?

ஆடிக்குப் பிறகு வா என்று எழுதிக் கொடுத்தேன். சிரித்துக்கொண்டே போனாள்.

ஜூலை 24, வியாழன்

பேட்டரியிலிருந்து ஆம்புக்குத் தடித்த ஒயர் இழுத்தேன். வீட்டுக்காரர் வாசலில் நின்று, "தீப்பிடிச்சுக்கும்" என்றார். நடுவில் வைத்த ஃபியூஸைத் தூக்கிக் காட்டினேன். "எனக்கென்ன" என்று போனார்.

மத்தியானம் கீரை கடைந்தேன். வாசனை தெரிவதில்லை, மூச்சு மூக்கு வழியாகப் போனால்தானே தெரியும்? பூண்டு அடிப்பிடித்துவிட்டது. யாரும் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டார்கள். எனக்கு அதுதான் ஆத்திரம். முன்னாலென்றால் திட்டியிருப்பார் மனுஷர்.

ஜூலை 26, சனி

ஏமாந்துவிட்டேன். ஆடிப் பதினெட்டை மறந்துபோனேன்! ஆடி முழுக்க ஆகாது, பெருக்கன்று மட்டும் தங்கம் வாங்கலாம், வண்டி வாங்கலாம், எல்லாம் வாங்கலாம். கவுந்தப்பாடிக்காரர் அன்றைக்கு முன்பணத்தோடு வருகிறாராம். வீட்டுக்காரர் சோற்றில் கை வைத்தபடி சொன்னார், என்னைப் பார்க்காமல்.

வரட்டும். அதற்குள் இந்த வண்டி பேசும்.

ஜூலை 27, ஞாயிறு

ஸ்பீக்கர் மாட்டினேன். இடது கதவில் ஒழுங்காக உட்கார்ந்தது. வலது கதவில் கண்ணாடிக் கம்பி இடித்தது, ஸ்பீக்கரைத் தலைகீழாகத் திருப்பி வைத்ததும் சரியாகிவிட்டது.

ஒயரில் இரண்டு இழை. ஒன்று செம்பு நிறம், இன்னொன்று வெள்ளி நிறம். ஸ்பீக்கரில் பிளஸ், மைனஸ் என்று இரண்டு கொண்டி. செம்பு பிளஸ்ஸுக்கு, வெள்ளி மைனஸ்ஸுக்கு. இடது கதவை நான் செய்தேன். நங்கையா பார்த்துக்கொண்டே இருந்து, "தள்ளு, அந்தப் பக்கத்த நான் பண்றேன். இதென்ன பெரிய வித்தையா?" என்றார்.

"இந்தத் தங்கக் கலரு மேல, வெள்ளி கீழ. அதான?"

என் கதவில் அப்படித்தான் இருந்தது. தலையாட்டினேன். பெருமையோடு மாட்டினார்.

ஒவ்வொரு கதவுக்கும் தனித்தனியாக ஒரு பாட்டைப் போட்டுப் பார்த்தோம். இடதும் கணீர், வலதும் கணீர். நங்கையா தொடையில் தாளம் போட்டார். நாளைக்கு மைக்.

ஜூலை 28, திங்கள்

நங்கையாவைக் கோயிலுக்கு அனுப்பினேன். கார் ஷெட்டின் கதவைச் சாத்தினேன். மைக்கை மாட்டிக்கொண்டு இடது சீட்டில் உட்கார்ந்து, கருவியைத் தாடைக்குக் கீழே அழுத்தி, "கிளட்ச்ச மிதி கண்ணு" என்றேன்.

கிணற்றுக்குள்ளிருந்து யாரோ பேசுவது போல வந்தது. சொல்லும் இல்லை, உரப்பும் இல்லை. தலைக்குப் பின்னால் எங்கேயோ எதுவோ முனகுகிறது. சத்தத்தை ஏற்றினேன். முனகல் பெரிதானது, பேச்சு வரவில்லை. போனில் இருக்கிற பட்டை எல்லாவற்றையும் ஏற்றி இறக்கினேன்.

மைக் மட்டமான மைக்.

ஜூலை 29, செவ்வாய்

எழுத ஒன்றுமில்லை.

ஜூலை 31, வியாழன்

இட்லிக்கு அரைத்தேன். கழுத்துக் குழாயைக் கழுவினேன். பழைய புடவைகளை மடித்து வைத்தேன், அடியில் வைக்க வேண்டியதையும் வைத்தேன்.

நங்கையா, "செட்டு என்னாச்சு?" என்று மூன்று தடவை கேட்டார். எழுதிக் காட்டப் பிடிக்கவில்லை. சாக்பீஸ் தீர்ந்துவிட்டது என்று கையை விரித்தேன். கடைக்குப் போய் ஒரு டப்பா சாக்பீஸ் வாங்கி வந்து என் முன்னால் வைத்தார். கடன்காரச் சாக்பீஸ்!

ஆகஸ்ட் 2, சனி

அரிசி டிரம்மிலிருந்து டபராவை எடுத்தேன். கதவு அட்டைகளை மாட்டித் திருகுகளை முடுக்கினேன். வண்டியைக் கழுவித் துடைத்தேன். நாளைக்கு விருந்தாளி வருகிறார், வண்டி அலங்கோலமாக இருந்தால் நன்றாக இருக்குமா?

வீட்டுக்காரர் பார்த்தார். "நல்லதுக்குத்தான் துளசி" என்றார். எனக்கு வந்த கோபத்தில் பக்கெட்டை எட்டி உதைத்தேன். கால் விரல் வீங்கிவிட்டது.

ஆகஸ்ட் 3, ஞாயிறு, ஆடிப் பெருக்கு

இன்றைக்கு எழுதக் கை பரபரக்கிறது.

சித்திரான்னங்கள் எல்லாம் செய்து இலை போட்டு வைத்திருந்தோம். கவுந்தப்பாடிக்காரர் வெற்றிலை பாக்கோடு வந்தார். இஞ்சினைப் பார்த்தார், டயரை உதைத்தார். டிரைவர் சீட்டில் உட்கார்ந்து, "பாட்டு செட்டுப் புதுசுங்களா? போட்டுப் பாக்கலாமா?" என்று தன் போனிலிருந்து ஒரு அம்மன் பாட்டைப் போட்டார்.

கொஞ்ச நேரம் கேட்டார். இடது பக்கம் சாய்ந்து கேட்டார், வலது பக்கம் சாய்ந்து கேட்டார். நடுவில் நிமிர்ந்து உட்கார்ந்து நெற்றியைச் சுருக்கினார்.

"ஏனுங்க, கதவுகிட்டக் காத வெச்சா நல்லாக் கேக்குது. நடுவுல உக்காந்தா மேளமும் சாஞ்சுபோச்சு, பாடற அம்மாளையே காணோம். கெணத்துக்குள்ள நின்னு பாடற மாதிரி இருக்குதுங்க."

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. பாடுகிற அம்மாளுக்கு ஆபரேஷனா செய்திருக்கிறார்கள்? அவள் தொண்டை நல்ல தொண்டை! அவளும் இந்த வண்டிக்குள் வந்ததும் கிணற்றுக்குள் போய்விட்டாள் என்றால், கோளாறு யாரிடம்?

டார்ச்சிலிருந்து பேட்டரி ஒன்றை உருவினேன். வெற்றிலைத் தட்டோடு நின்ற வீட்டுக்காரரை விலக்கிவிட்டுப் போய், நேற்றுத்தான் மாட்டிய அட்டைகளை மறுபடியும் பிரித்தேன். "பைத்தியமா உனக்கு?" என்று கத்தினார். செம்புக்கு பிளஸ், வெள்ளிக்கு மைனஸ் என்று ஒயரின் நுனியில் பேட்டரியைத் தொட்டேன். இடது ஸ்பீக்கர் வெளியே துள்ளியது. வலது பக்கத்தில் தொட்டேன். அது உள்ளே போனது. இன்னொரு தடவை தொட்டேன். உள்ளேதான் போனது.

ஒரு கதவு காற்றைத் தள்ளும்போது இன்னொரு கதவு இழுக்கிறது. இரண்டும் நடுவில் சந்தித்து ஒன்றை ஒன்று தின்றுவிடுகின்றன. வலது கதவில் ஒயர் மாறியிருக்கிறது.

நங்கையாவைக் கைகாட்டிக் கூப்பிட்டு, ஸ்பீக்கரின் அடியில் இருந்த பிளஸ் குறியைத் தொட்டுக் காட்டினேன். இதைத் தலைகீழாக வைத்ததால் பிளஸ் கீழே போயிருக்கிறது. செம்பு இங்கேதானே வர வேண்டும் என்று கையாலேயே கேட்டேன்.

"அதெப்படி?" என்றார் நங்கையா. "தங்கத்தக் கொண்டுபோயிக் கீழ போடுவாங்களா? தங்கம் இடுப்புக்கு மேல, வெள்ளி காலுக்கு. தங்கத்துல கொலுசு போட்டு எவளாச்சும் பாத்திருக்கறயா? மகாலச்சுமி அம்மிணி! பிளஸ்ஸு எங்க இருந்தா எனக்கென்ன, நான் மொறைப்படிதான் மாட்டினேன்."

"அக்கா சொல்றதும் நாயந்தானுங்களே" என்றார் கவுந்தப்பாடிக்காரர்.

சிரித்தேன். என் சிரிப்புக்கும் சத்தம் கிடையாது, கழுத்து ஓட்டையில் புஸ்புஸ்ஸென்று காற்றுதான் வரும். குலுங்கிக் குலுங்கிச் சிரித்தேன். கண்ணில் தண்ணீர் கொட்டியது. வீட்டுக்காரர் தட்டைப் போட்டுவிட்டு ஓடி வந்து என் தோளைப் பிடித்து, "மூச்சு முட்டுதா? துளசி! மூச்சு முட்டுதா?" என்று பதறினார். வெற்றிலை எல்லாம் தரையில்.

சிலேட்டை எடுத்தேன். ஒரு டப்பா சாக்பீஸ் இருக்கிறதே! பெரிய எழுத்தில் எழுதிக் கவுந்தப்பாடிக்காரரிடம் காட்டினேன்: வண்டி விற்பதற்கு இல்லை. இலை போட்டாயிற்று, சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும்.

நல்ல மனுஷர். தேங்காய்ச் சாதம் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார்.

அவர் போனதும் வீட்டுக்காரர் வெடித்தார். "நடு ரோட்டுல உனக்கு ஒண்ணு ஆச்சுன்னா யாரக் கூப்புடுவ? எப்படிக் கூப்புடுவ? பக்கத்துல நிக்கற எனக்கே சிரிக்கறயா, மூச்சு முட்டுதான்னு தெரியல!" குரல் உடைந்துவிட்டது அவருக்கு. சட்டையை மாட்டிக்கொண்டு கடைக்குப் போய்விட்டார், பண்டிகை நாளும் அதுவுமாக.

இதை முன்னாலேயே சொல்லியிருந்தால் என்னவாம்? நான் என்னென்னவோ நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

வீட்டில் இப்போது பேசாதவர்கள் இரண்டு பேர். நான் ஒன்று, கோபத்தில் அவர் ஒன்று. எல்லாருக்கும் சேர்த்து நங்கையா பேசுகிறார்.

செம்பை பிளஸ்ஸுக்கு மாற்றினேன். நங்கையா சாமியிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு டார்ச் பிடித்தார். மைக்கை மாட்டிக்கொண்டு கருவியை அழுத்தினேன். முதலில் ஊளையிட்டது. மைக்கை உதட்டோரம் இழுத்து, ஊளையிடுகிற பட்டையைப் போனில் கண்டுபிடித்து இறக்கினேன். கர்ர் என்ற முனகல் குடியிருக்கிற பட்டையையும் இறக்கினேன். ச, ட, ப எல்லாம் தெறிக்கிற பட்டையை ஏற்றினேன். ஒவ்வொரு தடவையும் "கிளட்ச்ச மிதி" என்று சொல்லி, பின் சீட்டில் இருந்த நங்கையாவைப் பார்ப்பேன். அவர் கையை ஆட்டுவார். இன்னும் ஏத்து. ஜாஸ்தி. கொஞ்சம் இறக்கு. வெயில் சாய்கிறவரை இதே பாடு.

ஒரு கட்டத்தில் அவர் கை அப்படியே நின்றது.

"அம்மிணி, மறுக்கா சொல்லு. வேற ஏதாச்சும் சொல்லு."

யோசித்தேன். இத்தனை மாதமாக வாய்க்குள்ளேயே வைத்திருந்ததைக் கேட்டேன். "நங்கையா, ஊருக்கு எப்பப் போறீங்க?"

இரண்டு கதவுக்கும் நடுவில், கண்ணாடிக்கு முன்னால், சொல் சொல்லாக நின்றது பேச்சு. பழைய குரல் இல்லை. தகரத்தில் செய்த குரல்தான், இருக்கட்டுமே! ஒரு எழுத்து விடாமல் கேட்டது.

"அடிப்பாவி!" என்றார் நங்கையா. "பேச வந்ததும் இதத்தான் கேக்கத் தோணுச்சா?" முந்தானையால் கண்ணைத் துடைத்தார். "போக மாட்டேன், போ. நீ கேட்டதும் போறதுக்கா இத்தன நாள் இருந்தேன்?"

நானும் அழுதேன். கோபமாக எழுத வேண்டும் என்று உட்கார்ந்தேன், வரவில்லை.

ஆகஸ்ட் 7, வியாழன்

ஹசீனாவுக்குச் சொல்லி அனுப்பினேன். ஆடி முடியட்டும் என்றது நான்தான். ஆடியாவது கோடியாவது, ஞாயிற்றுக்கிழமை வா.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

வண்டித் தலையில் எல் போர்டை மாட்டினேன். ஹசீனா முக்காட்டை இறுக்கிக்கொண்டு டிரைவர் சீட்டில் உட்கார்ந்தாள். பின்னால் நங்கையா, எலுமிச்சம்பழத்தோடு. வேண்டாமென்றால் கேட்கிற ஆளா?

"கண்ணாடியப் பாத்துட்டு எடு கண்ணு" என்றேன். ஹசீனா திடுக்கிட்டுக் கதவைப் பார்த்தாள், கூரையைப் பார்த்தாள், அப்புறம் என்னைப் பார்த்தாள்.

"என்னப் பாக்காத. ரோட்டப் பாரு."

"அக்கா!" என்று கத்தினாள். அப்படியே கண்ணீரோடு முதல் கியரைப் போட்டாள். நன்றாகத்தான் ஓட்டினாள், சத்தி ரோட்டில் ஒரு குறையும் இல்லை. பஸ் ஸ்டாண்டு முன்னால் திரும்பும்போது ஒரு மாடு குறுக்கே வந்தது. பிரேக்கை மட்டும் மிதித்தாள், கிளட்ச்சை மறந்துவிட்டாள். வண்டி குலுங்கி நின்றுவிட்டது.

பின்னால் ஒரு பஸ். ஹாரனில் கையை வைத்தவன் எடுக்கவே இல்லை. ஹசீனா சாவியைத் திருப்பினாள், வண்டி உறுமி மறுபடியும் நின்றது. பஸ்காரன் தலையை நீட்டி, "பொம்பளைங்கெல்லாம் எதுக்கு வண்டிய எடுத்துட்டு வந்து உசிர வாங்கறீங்க?" என்றான்.

வந்தது பாருங்கள் எனக்கு! ஜன்னல் கண்ணாடி நாலையும் இறக்கினேன். ஆம்பின் சத்தத்தைக் கடைசிவரை ஏற்றினேன். முதலில் ஒரு ஊளை கிளம்பியது. பஸ்காரன் கை ஹாரனிலிருந்து தானாக வந்துவிட்டது.

"ஹாரன நிறுத்துங்கண்ணா! புள்ள வண்டி பழகுது. நீங்க அம்மா வவுத்துலயே பஸ் ஓட்டிப் பழகிட்டு வந்தீங்களா? வழி இருக்குது, சுத்திட்டுப் போங்க!"

பஸ் ஸ்டாண்டே திரும்பிப் பார்த்தது. பூக்காரம்மா ஒருத்தி கை தட்டினாள். பஸ்காரன் வண்டியை ஒடித்துச் சுற்றிக்கொண்டு போனான்.

சத்தத்தை இறக்கினேன். "ஒண்ணும் அவசரமில்ல. மூச்ச விடு. கிளட்ச்ச மிதி கண்ணு, முழுசா மிதி. இப்ப சாவியத் திருப்பு."

வண்டி கிளம்பியது. ஹசீனா கரட்டடிப்பாளையம்வரை ஓட்டிவிட்டுத் திரும்பி வந்தாள். இறங்கும்போது அவள் நிமிர்ந்து நின்ற நிற்பைப் பார்க்க வேண்டும். நங்கையா எலுமிச்சம்பழத்தை டயருக்கு அடியில் வைக்க மறந்துபோய் மடியிலேயே வைத்திருந்தார்.

பொழுதோடு வீட்டுக்காரர் கடை சாத்திவிட்டு வந்தார். ஒரு வாரமாக வாய் திறக்காத மனுஷர். நான் தோசை ஊற்றிக்கொண்டிருந்தேன். இரண்டாவது தோசையைப் பிய்த்தபடி, "காத்தால சரக்கு இறக்கிட்டிருந்தேன்" என்றார், தட்டைப் பார்த்து. "உன்ற சத்தம் கேட்டுது."

நான் திரும்பவில்லை. கல்லில் எண்ணெய் விட்டேன்.

"பஸ்காரன அந்த வாங்கு வாங்கறயே. எட்டிப் பாக்காமயே தெரிஞ்சுது, நீதான்னு."

நங்கையா வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அது அதிசயம், எழுதி வைக்கிறேன்.

சிலேட் பக்கத்திலேயே இருந்தது. எடுக்கவில்லை. இடுப்பில் செருகியிருந்த கருவியை எடுத்துத் தாடைக்குக் கீழே வைத்தேன். இங்கே ஆம்ப் இல்லை, ஸ்பீக்கர் இல்லை, வெறும் கர்ர் மட்டும்தான். "வண்டிய விக்கறதப் பத்தி இன்னும் ஏதாச்சும் பேசணுமா?" என்று கேட்டேன்.

அவர் எழுந்து மோட்டார் சுவிட்சைப் பார்க்கப் போகவில்லை. "இன்னொரு தோச போடு" என்று தட்டை நீட்டினார்.